மருந்தடித்த சுவரும் மடியாத ஈயும்

வீட்டுக்கு மருந்தடிக்க வருகிறார்கள். பாய், தலையணைகளை முற்றத்தில் போட்டுவிட்டு, சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறோம். சற்று நேரத்தில் வேலை முடிந்து விடுகிறது. சுவரெல்லாம் மருந்துத் திட்டு, வீடெல்லாம் மருந்து நெடி. "இனிப் பயமில்லை" என்று எல்லோரும் உள்ளே போகிறோம். மலேரியாக் காலத்தை அறிந்த நமது உம்மம்மாமாருக்கு இந்தக் காட்சி ஒன்றும் புதிதல்ல.

ஆனால் வாசகர்களே, ஒரு கேள்வியை எப்போதாவது கேட்டதுண்டா? அடித்த மருந்து அந்தப் பூச்சியைக் கொல்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?

இந்தக் கேள்விக்கு உரிய நேரத்தில் விடை தேடாததற்கும், தேடிக் கிடைத்த விடையைக் காதில் போட்டுக்கொள்ளாததற்கும் பெரிய விலை கொடுத்த இடம் ஒன்று உண்டு. அது வட இந்தியாவின் பீகார் மாநிலம். பூச்சியின் பெயர் மணல் ஈ. நோயின் பெயர் காலா அசார், அதாவது கறுப்புக் காய்ச்சல்.

நுளம்பை விடச் சின்னது

மணல் ஈ என்றதும் வீட்டு ஈயை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நுளம்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நீளம் 2 அல்லது 3 மில்லிமீற்றர். உடம்பெல்லாம் மயிர். உட்கார்ந்திருக்கும்போது சிறகுகளை மடிக்காமல் இரண்டு பக்கமும் தூக்கி நிமிர்த்தி வைத்திருக்கும். நுளம்பைப் போல் காதருகே பாடி எச்சரிக்கை செய்வதில்லை. சத்தமில்லாமல் வந்து கடித்துவிட்டுப் போய்விடும். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் நுழைந்துவிடக் கூடியது. நன்றாகப் பறக்கவும் தெரியாது. தத்தித் தத்தித்தான் போகும். அதனால் சுவரின் கீழ்ப்பாகத்திலும், வெடிப்புகளிலும், இருண்ட மூலைகளிலும் பகலைக் கழிக்கும்.

தண்ணீரில் இது முட்டையிடுவதில்லை. ஈரமான மண்ணும், மக்கிய சாணமும் சருகும் கலந்த இடம் போதும். மாட்டுக் கொட்டிலும் மண் வீடும் ஒட்டியிருக்கிற ஏழைக் குடும்பத்தின் வளவு இதற்கு ஏற்ற இடம்.

கடிப்பது பெண் ஈ மட்டுமே. நோயாளியின் இரத்தத்தோடு லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை எடுத்து, அடுத்தவர் உடம்பில் விட்டுவிடுகிறது. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிக் கல்லுப் போலாதல், உடல் மெலிந்து இரத்தம் வற்றிப்போதல் - இவைதான் காலா அசாரின் அடையாளங்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள்.

இந்த ஒட்டுண்ணியைக் கண்டவர்கள் இருவர். இங்கிலாந்தில் லீஷ்மன், மதராஸ் பொது ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டொனோவன். இருவரும் தாம் கண்டதை 1903இல் வெளியிட்டார்கள். இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டொனோவானி' என்று பெயர் வைத்தவர் மலேரியா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரொனால்ட் ரொஸ். ஆனால் இதைப் பரப்புவது மணல் ஈதான் என்று மனிதரில் நிரூபிக்க 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் சுவாமிநாத், ஷோர்ட், அண்டர்சன் ஆகிய மூவர், தாமாக முன்வந்த மனிதர்களை 'பிளெபொட்டோமஸ் ஆர்ஜென்டிப்பெஸ்' என்ற இன மணல் ஈயால் கடிக்கவிட்டு நோய் பரவுவதைக் காட்டினார்கள். முன்வந்தவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

தானாகப் போன நோய் திரும்பி வந்தது

1950களில் இந்தியா முழுவதும் மலேரியாவுக்காக வீடு வீடாக டி.டி.ரி. அடித்தார்கள். குறி வைத்தது நுளம்பை. ஆனால் அதே சுவரில் உட்கார்ந்த மணல் ஈயும் செத்து விழுந்தது. காலா அசார் ஏறக்குறைய மறைந்தே போனது. ஒருவரும் திட்டமிடாமல் கிடைத்த இலாபம் இது.

1960களில் மலேரியா குறைந்தது, மருந்தடிப்பும் நின்றது. மணல் ஈ மெல்லத் திரும்பியது. 1970களில் பீகாரில் காலா அசார் கொள்ளை நோயாக வெடித்தது. மீண்டும் டி.டி.ரி. வந்தது. அடிக்கும்போது குறைவதும், விட்டதும் கூடுவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 1992இல் மட்டும் இந்தியாவில் 77 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர்கள் பதிவானார்கள். 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள். இது பதிவேட்டுக் கணக்கு. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத குடிசைகளின் கணக்கு இதில் சேராது.

இதற்கிடையில், 1990ஆம் ஆண்டளவிலேயே பீகாரின் மணல் ஈக்களில் சில டி.டி.ரி.க்கு மடிவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். ஆனாலும் அதே மருந்துதான் ஆண்டுக்கு இரண்டு சுற்றாகக் கால் நூற்றாண்டு தொடர்ந்தது. விலை மலிவு, நாட்டிலேயே உற்பத்தி, பழகிய கை என்று காரணங்கள் சொல்லலாம். சாகாத பூச்சிக்கு மலிவான மருந்து எப்படி மலிவாகும் என்பது நம் கேள்வி.

குழாய்க்குள் ஒரு மணி நேரம்

சரி, ஈ மடிகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் நுளம்புகளுக்காக வகுத்த ஒரு முறைதான் மணல் ஈக்கும் பயன்படுகிறது. பார்க்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும்.

முதலில் ஈ வேண்டும். அதிகாலையில் கைவிளக்கோடு மாட்டுக் கொட்டிலுக்கும் மண் வீட்டுக்கும் போய், சுவரில் இருக்கும் ஈயை ஒரு குழாயால் வாயினால் உறிஞ்சிப் பிடிப்பார்கள். ஈ வாய்க்குள் போய்விடாமல் குழாயின் நடுவே மெல்லிய துணித் தடுப்பு இருக்கும். நுளம்பைப் பிடிப்பது போல் இதைப் பிடிக்க முடியாது. கொஞ்சம் வேகமாக உறிஞ்சினாலே கால் முறிந்துவிடும். வழியில் வெயில் பட்டாலும், காற்று உலர்ந்திருந்தாலும் மருந்தில்லாமலே செத்துவிடும். அதனால் ஈரத் துணி சுற்றிய கூட்டில் வைத்துக்கொண்டு வந்து, சற்று இளைப்பாற விட்டு, நொண்டுவதையும் சோர்ந்ததையும் கழித்துவிட்டு, நல்லவற்றை மட்டும் எடுப்பார்கள்.

அடுத்தது காகிதம். 12 சென்ரிமீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட வடிதாளில் குறித்த அளவு மருந்தை எண்ணெயில் கலந்து பூசியிருப்பார்கள். டி.டி.ரி. என்றால் 4 வீதம், டெல்டாமெத்ரின் என்றால் 0.05 வீதம். உலகெங்கும் போகும் இந்தக் காகிதங்கள் மலேசியாவில் பினாங்கிலுள்ள பல்கலைக்கழகத்தில் தயாராகின்றன. காகிதத்தைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குழாயின் உட்புறம் ஒட்டினாற்போல் வைத்து, அதற்குள் 20 அல்லது 25 ஈக்களை விடுவார்கள். குழாயின் வாயை மூடும் வலை மிக நெருக்கமாக இருக்க வேண்டும். நுளம்புக்குப் போட்ட வலையென்றால் பாதி ஈ வெளியே வந்துவிடும்.

சரியாக ஒரு மணி நேரம். பிறகு மருந்தில்லாத வேறொரு சுத்தமான குழாய்க்கு மாற்றி, சீனித் தண்ணீரில் நனைத்த பஞ்சு ஒன்றை மேலே வைத்து, குளிர்ச்சியும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் 24 மணி நேரம் விட்டுவிடுவார்கள். அதன் பிறகே எண்ணிக்கை.

ஏன் உடனே எண்ணக் கூடாது? இங்கேதான் இந்தச் சோதனையின் நுட்பம் இருக்கிறது. டி.டி.ரி.யும் அதைப் போன்ற மருந்துகளும் பூச்சியின் நரம்பைத் தாக்குகின்றன. பட்டதும் ஈ மல்லாந்து விழுந்து காலை உதறும். பார்ப்பவர், "ஆகா, செத்தது!" என்பார். ஆனால் மருந்தைத் தாங்கப் பழகிய ஈ, நஞ்சை உடம்பிலேயே சிதைத்துவிட்டுச் சில மணி நேரத்தில் எழுந்து பறந்துவிடும். வீட்டில் நுளம்புக்குப் புட்டியில் அடைத்த மருந்தை அடித்து, தரையில் விழுந்ததைக் கூட்டி வெளியே கொட்டுகிறோமே, அவை எல்லாமே செத்தவை என்று நினைக்க வேண்டாம்!

இன்னொரு குழாயையும் மறக்கக் கூடாது. அதில் மருந்தில்லாத வெறும் எண்ணெய்க் காகிதம். அதே நாள் பிடித்த ஈ, அதே ஒரு மணி, அதே 24 மணி. இது ஒப்பீட்டுக் குழாய். பிடித்த அலுப்பிலும் வெப்பத்திலும் தானாகச் செத்தவை எத்தனை என்று இது சொல்லும். உதாரணமாக, மருந்துக் காகிதத்தில் 100க்கு 60 ஈ செத்தது, வெறும் காகிதத்தில் 100க்கு 10 செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மருந்து கொன்றது 60 அல்ல. தானாகச் சாகாமல் இருந்திருக்கக் கூடிய 90இல் 50, அதாவது நூற்றுக்கு 56 வீதம் அளவில்தான். இந்தக் கணக்கை 1925இல் அபொட் என்பவர் வகுத்தார். ஒப்பீட்டுக் குழாயிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்துவிட்டால் முழுச் சோதனையையும் தள்ளிவிட்டு மறுபடி அதிகாலையில் எழும்ப வேண்டியதுதான்.

தீர்ப்பு இப்படி: 98 வீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே என்றால் ஈ எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. இடைப்பட்டதென்றால் சந்தேகம், திரும்பச் செய்து பார்க்க வேண்டும். 85 வீதம் செத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மிஞ்சிய 15தானே அடுத்த தலைமுறையைப் பெறப் போகிறது!

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். காகிதத்திலுள்ள இந்த மருந்தளவுகள் நீண்ட காலமாக நுளம்பைப் பார்த்து வகுத்தவை. நுளம்பை விடப் பல மடங்கு சிறிய ஈக்கு அதே அளவைக் கொடுத்தால், கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி உள்ளதும் செத்துப்போய், 'எல்லாம் நலம்' என்று பொய்ச் செய்தி கிடைக்கலாம். மணல் ஈக்கென்று தனியே அளவு காணும் வேலை மிகப் பிந்தித்தான் தொடங்கியது.

குற்றவாளி ஈயா, சுவரா?

மருந்தடித்த வீட்டில் ஈ உயிரோடிருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ஒன்று, ஈ மருந்துக்கு மடியாததாகிவிட்டது. மற்றது, சுவரில் மருந்தே போதவில்லை. குழாய்ச் சோதனை ஈயைத்தான் விசாரிக்கிறது. சுவரை விசாரிக்க வேறு வழி வேண்டும்.

2014இல் பீகாரின் எட்டு மாவட்டங்களில் ஆராய்ச்சியாளர்கள் இந்த இரண்டையும் விசாரித்தார்கள். சுவரில் வட்ட வட்டமாக ஒட்டுநாடாவை ஒட்டிப் பிய்த்தெடுத்து, அதில் ஒட்டி வந்த டி.டி.ரி.யை ஆய்வுகூடத்தில் அளந்தார்கள். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. மிகப் பெரும்பாலான சுவர்களில் இருந்தது அதற்குக் குறைவு. அதே காலத்தில் செய்த குழாய்ச் சோதனையில் ஈ டி.டி.ரி.க்கு மடியவில்லை, டெல்டாமெத்ரினுக்கு மடிந்தது. ஆக, ஈயும் குற்றவாளி, சுவரும் குற்றவாளி.

சுவர் எப்படிக் குற்றவாளி ஆனது? அங்கே பயன்பட்டது ஒருவர் அமுக்க இன்னொருவர் தெளிக்கும் பழைய வாளிப் பம்பி. அமுக்குபவர் கை ஓய்ந்தால் அழுத்தம் குறையும். ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் சொட்டு. இதோடு மண் வீட்டுப் பெண்கள் சுவரைச் சாணமும் களிமண்ணும் குழைத்து அடிக்கடி மெழுகுவார்கள். மெழுகிய கையோடு மருந்து உள்ளே புதைந்துவிடும். பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டைச் சுத்தமாக வைப்பது அவர்கள் கடமை. "இன்ன நாள் வரை மெழுக வேண்டாம்" என்று விளக்கிச் சொல்வது மருந்தடிக்கிறவர்கள் கடமை.

அரைகுறை அளவு மருந்து, போதாத மருந்தாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பலவீனமான ஈயைக் கொன்று, தாங்கக் கூடியதை மட்டும் தப்பவிட்டு, எதிர்ப்புச் சக்தியை வளர்த்தும் விடுகிறது. வைத்தியர் ஐந்து நாளைக்குத் தந்த மருந்தை இரண்டு நாளில் நிறுத்துகிறோமே, ஏறக்குறைய அதே கதைதான்.

இந்த முடிவுகள் 2015இல் வெளியாகின. அதே காலப்பகுதியில் இந்தியா டி.டி.ரி.யை விட்டு அல்பா-சைப்பர்மெத்ரின் என்ற மருந்துக்கும், ஒருவரே தோளில் மாட்டி அடிக்கும் அழுத்தப் பம்பிக்கும் மாறத் தொடங்கியது. 2014இல் ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்த காலா அசார் நோயாளர் தொகை 2023இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. புதிய மருந்தடிப்புக்கே முழுப் பெருமையையும் கொடுப்பது சரியல்ல. ஒரே தடவை ஏற்றும் ஊசி மருந்துச் சிகிச்சை வந்ததும், நோயாளரைத் தேடிப் பிடித்ததும் பெரிய காரணங்கள். அயலிலுள்ள பங்களாதேஷ் 2023இல் உலகிலேயே முதலாவதாக, காலா அசாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிய நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது.

ஆனால் நிம்மதியாகப் படுத்துவிட முடியாது. டி.டி.ரி.யும் புதிய மருந்தும் பெயரில் வேறு. பூச்சியின் நரம்பில் தட்டுவது ஒரே கதவை. அந்தக் கதவின் அமைப்பை மாற்றிக்கொண்ட ஈ இரண்டையும் தாங்கலாம். பீகார் ஈக்களின் மரபணுவில் இந்த மாற்றம் ஏற்கெனவே காணப்பட்டிருக்கிறது. ஆகவே குழாய்ச் சோதனை ஒரு முறை செய்து முடிக்கிற வேலை அல்ல. அதிலும் ஒரு வேடிக்கை: மருந்து நன்றாக வேலை செய்த ஊரில் சோதிக்க ஈ கிடைப்பதில்லை. ஒரு சோதனைக்கு 100 ஈ பிடிக்கப் பல விடியற்காலைகள் அலைய வேண்டும்.

நெடுந்தீவு சொன்ன செய்தி

பீகார் எங்கே, நாம் எங்கே என்று எண்ணிவிட வேண்டாம். அதே 'ஆர்ஜென்டிப்பெஸ்' மணல் ஈ நமது இலங்கையிலும் இருக்கிறது. அதே லீஷ்மேனியா டொனோவானி ஒட்டுண்ணியும் இருக்கிறது. ஆனால் இங்குள்ள வகை பெரும்பாலும் உள்ளுறுப்புகளைத் தொடாமல் தோலில் புண்ணை உண்டாக்குவதோடு நின்றுவிடுகிறது. இந்நாட்டிலேயே தொற்றிய முதலாவது நோயாளர் பற்றி 1992இல் அறிவிக்கப்பட்டது. 2008இல் இது அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. 2018இலும் 2019இலும் ஆண்டுக்கு மூவாயிரம் பேருக்கு மேல் பதிவானார்கள். அம்பாந்தோட்டை, மாத்தறை, அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் அதிகம்.

நம் நாட்டு மணல் ஈ மருந்துக்கு மடியுமா? இதற்கு முதலில் பதில் தேடிய இடங்களில் ஒன்று நெடுந்தீவு. இந்தியாவிலிருந்து வடக்குக்குத் திரும்பிய அகதிகள் பலர் வந்திறங்கிய தீவு அது. அங்கே மனிதரையும் மாட்டையும் இரையாக வைத்துப் பிடித்த ஈக்களை ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். இங்கே குழாயும் காகிதமும் அல்ல. ஈயின் உடம்பிலுள்ள நொதிகளின் செயலை அளந்தார்கள். மலத்தியனைத் தாங்க உதவும் இரண்டு மாற்றங்களின் ஆரம்ப அடையாளங்கள் தெரிந்தன. மணல் ஈயில் இத்தகைய மாற்றங்கள் பற்றி உலகில் வந்த முதல் அறிக்கை அதுவே என்று அவர்கள் குறிப்பிட்டார்கள்.

மணல் ஈக்கென்று மலத்தியன் அடிக்காத நாட்டில் இது எப்படி வந்தது? மலேரியாத் தடை இயக்கம் நுளம்புக்காக ஆண்டாண்டு காலம் அடித்ததே, அந்தச் சுவர்களில் இதுவும் உட்கார்ந்துதானே இருந்தது! பீகாரில் இலாபமாக வந்தது இங்கே பாடமாக வந்திருக்கிறது. மலேரியா இந்நாட்டிலிருந்து ஒழிந்ததென்று 2016இல் சான்றிதழ் கிடைத்தது. ஈயோ பழைய பாடத்தை மறக்காமல் வைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் ஊரில் சுகாதாரப் பகுதியினர் விடியற்காலையில் கைவிளக்கும் குழாயுமாக மாட்டுக் கொட்டிலைப் பார்க்க அனுமதி கேட்டால், மருந்தடிக்க வந்தவர்கள் என்று நினைத்து மறுத்துவிடாதீர்கள். முதல் நாள் இரவு அங்கே நுளம்புச் சுருளோ தெளிப்பு மருந்தோ பாவித்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே மருந்து பட்டு அரை உயிரான ஈயைக் கொண்டு செய்த சோதனை தவறான பதிலைத் தரும்.

உங்கள் பிள்ளையின் முகத்திலோ கையிலோ சிறு பரு ஒன்று வந்து, நோவும் இல்லாமல் அரிப்பும் இல்லாமல், வாரக்கணக்கில் ஆறாமல் மெல்லப் பெருத்து நடுவில் புண்ணாகிறதா? "நோகவில்லைதானே" என்று எண்ணெய் பூசிக் காலம் கடத்தாமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். புண்ணில் போடும் ஊசியாலோ குளிரூட்டும் சிகிச்சையாலோ இதைக் குணப்படுத்த முடியும். வைத்தியர் அதை அறிவித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் வீட்டுக்கு வருவார். எந்த ஊரில் ஈயைப் பிடித்துச் சோதிக்க வேண்டும் என்பதும் அந்த அறிவிப்பிலிருந்துதான் தெரியவருகிறது.